வயிற்றெரிச்சலும் ஒரு கோரிக்கைதான்

சம்பளம், வீடு, காணி. இந்த மூன்றையும் பற்றி நமது ஏட்டில் எழுதாத மாதம் இல்லை. எழுதத்தான் வேண்டும். இம்முறை நான் எழுத வந்திருப்பது, நாம் ஒருநாளும் கோரிக்கையாக எண்ணிப் பார்க்காத ஒன்றைப் பற்றி. அது நமது வயிறு.

மலையில் கொழுந்தெடுக்கும் எந்தப் பெண்ணிடமும் உடம்பு எப்படி என்று கேளுங்கள். இடுப்பு வலி என்பார், தோள்பட்டை வலி என்பார், அடுத்ததாக 'கேஸ்டிக்' என்பார். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், மேல்வயிற்றில் குத்தல், சாப்பிட்டால் உப்புசம், சாப்பிடாவிட்டால் எரிச்சல் என்று எது வந்தாலும் நம்மிடம் உள்ள பெயர் இந்த ஒன்றுதான். டிஸ்பென்சரிக்குப் போனால் நாலு மாத்திரை கிடைக்கும். கூடவே ஓர் அறிவுரையும் கிடைக்கும்: "நேரத்துக்குச் சாப்பிடும்மா."

அந்த அறிவுரையைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று தெரியாத பெண் எந்தத் தோட்டத்திலும் இல்லை. அவளுடைய நேரம் அவள் கையில் இல்லை. பிரட்டு எப்போது, நிறுவை எப்போது, எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்பதையெல்லாம் வேறொருவர் முடிவு செய்கிறார். அந்த முடிவுகளுக்கு ஏற்றபடிதான் நமது சாப்பாட்டு நேரமும் அமைகிறது. பிறகு வயிறு எரிந்தால் குற்றம் மட்டும் நம்முடையதாகிவிடுகிறது.

நமது வயிற்றுக்குள் என்ன நடக்கிறது

முதலில் உறுப்பைத் தெரிந்துகொள்வோம். தொப்புளைச் சுற்றி வலித்தாலும் அடிவயிறு வலித்தாலும் நாம் 'வயிறு' என்றே சொல்கிறோம். இரைப்பை இருப்பது அதற்கு மேலே, இடதுபக்க விலா எலும்புகளுக்குக் கீழே. வளர்ந்த ஒருவரின் இரைப்பை சாப்பிடும்போது விரிந்து ஒன்று, ஒன்றரை லீற்றர் வரை கொள்ளும்.

அது நாளொன்றுக்குச் சுமார் 2 லீற்றர் சாறு சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், பருப்பு, மீன், முட்டை போன்றவற்றின் புரதத்தை உடைக்க உதவுவதும், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளும் நிலைக்குக் கொண்டுவருவதும் இந்த அமிலம்தான். ஆகவே அமிலம் நமக்குப் பகையில்லை. அது இல்லாவிட்டால்தான் வில்லங்கம்.

இவ்வளவு காரமான சாறு இரைப்பையையே அரித்துவிடாதா? அரிக்காமல் காப்பது உட்சுவரின் மேல் படிந்திருக்கும் சளி போன்ற ஒரு பூச்சு. அந்தப் பூச்சு மெலிந்தால் சுவர் சிவந்து வீங்கும். இது இரைப்பை அழற்சி. இன்னும் அரித்தால் குழி விழும். இதுவே புண். இரைப்பையிலும் வரும், இரைப்பையை ஒட்டிய சிறுகுடலின் தொடக்கத்திலும் வரும். இரைப்பையின் மேல்வாய் சரியாக மூடாமல் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறினால் அது நெஞ்செரிச்சல். புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை, ஆனாலும் வலியும் உப்புசமும் மாதக்கணக்கில் விடாது என்ற நிலையும் உண்டு. அது கற்பனை நோயும் அல்ல, வேலைக்கு வராமலிருக்கச் சொல்லும் சாட்டும் அல்ல. மருத்துவம் ஒப்புக்கொண்ட செரிமானக் கோளாறு அது.

நாம் 'கேஸ்டிக்' என்று ஒரே பெயரில் சொல்வதற்குள் இத்தனை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பதும் வாங்குவதும் வைத்தியமாகாது.

உறைப்பும் கவலையும்தான் காரணமா?

நீண்ட காலமாக டொக்டர்மாரும் அப்படித்தான் நம்பினார்கள். கவலைப்படுகிறவனுக்கும் உறைப்புச் சாப்பிடுகிறவனுக்கும் அல்சர் வரும் என்றார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பெரி மார்ஷல், ரொபின் வொரன் என்ற இரு டொக்டர்கள் 1982இல் இந்த நம்பிக்கையை உடைத்தார்கள். இரைப்பையின் அமிலத்துக்குள்ளேயே உயிர் வாழும் ஒரு கிருமியை அவர்கள் வளர்த்துக் காட்டினார்கள். ஹெலிக்கோபெக்டர் பைலோரி என்பது அதன் பெயர். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது, இரைப்பை வீங்கியது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் வயிற்றில் இந்தக் கிருமி இருந்து வந்திருப்பதாகக் கணக்கிடப்பட்டது. எல்லோருக்கும் அது நோயைக் கொடுப்பதில்லை. சிலருக்குப் புண்ணைக் கொடுக்கிறது. மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரை கொண்டுபோகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இல் இதைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் வலி மாத்திரை. இவ்விரண்டுமே முதன்மைக் காரணங்கள். பட்டினி கிடப்பது மட்டும் அல்சரை உண்டாக்காது. கொச்சிக்காய் மட்டும் அல்சரை உண்டாக்காது. ஆனால் ஏற்கனவே புண்பட்ட வயிற்றையும், சரியாகச் செரிக்காத வயிற்றையும் இவை நன்றாகவே வருத்தும்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், 'உன் வாய்க் கட்டுப்பாடு சரியில்லை' என்று நம்மைக் குற்றம் சொல்லும் பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது. கிருமி எப்படி வருகிறது, வலி மாத்திரை ஏன் தேவைப்படுகிறது, காலைச் சாப்பாடு ஏன் தவறுகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், மூன்று கேள்விகளும் தோட்டத்து வேலையிலும் லயத்து வாழ்க்கையிலும்தான் வந்து நிற்கும்.

பிரட்டு முதல் கடைசி நிறுவை வரை

ஒரு பெண்ணின் நாளைக் கணக்குப் பாருங்கள். நாலரை, ஐந்துக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, ஏழு ஏழரைக்குள் மலையில் நிற்க வேண்டும். இதற்கிடையில் அவள் வயிற்றுக்குள் போவது ஒரு கோப்பைச் சாயத் தேத்தண்ணி. ரொட்டியைச் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொள்வாள். அதைச் சாப்பிடுவது காலை நிறுவை முடிந்த பிறகு. நிறுவை பிந்தினால் ரொட்டியும் பிந்தும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று மணிநேரம் அந்த வயிறு வெறும் தேத்தண்ணியில் ஓடியிருக்கும்.

தேயிலைச் சாயம் அமிலச் சுரப்பைக் கூட்டும். வெறும் வயிற்றில் கடும் சாயம் குடித்தால் பலருக்கு எரிச்சலும் குமட்டலும் வருவது இதனால்தான். அதற்கு மேல் இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கு. அதற்கு மேல் நாள் முழுக்கக் குனிந்த வேலை. இடுப்பை இறுக்கிக் குனிந்தால் இரைப்பையிலுள்ள அமிலம் மேலே ஏறுவது இலகு. இரவில் எல்லோரும் சாப்பிட்ட பின், மிஞ்சியதைப் பசியோடு ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் இன்னும் கூடும்.

'தேத்தண்ணி நேரம் இருக்கிறதே' என்று நிர்வாகம் சொல்லும். ஏட்டில் இருக்கிறது. ஆனால் முழுப்பேர் விழுவது கிலோக் கணக்கில். உட்கார்ந்து சாப்பிடும் இருபது நிமிடத்தில் எடுக்கக்கூடிய கொழுந்து அவளுடைய கணக்கில் குறைகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோது பல தோட்டங்களில் கிலோவையும் கூட்டினார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. கூட்டிய கிலோவை எங்கிருந்து எடுத்தோம்? கை வேகத்திலிருந்து கொஞ்சம், சாப்பாட்டு நேரத்திலிருந்து மிச்சம். சம்பளக் கவருக்குள் வந்த பணத்தில் ஒரு பங்கை நமது வயிறு கட்டியிருக்கிறது.

வலி மாத்திரை கொடுக்கும் இரண்டாவது வலி

கூடையின் பாரம் முதுகில். நிற்பது சரிவான மலையில். மழையிலும் பனியிலும் நாள் முழுக்க நின்ற முழங்கால். கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்குத் தோளும் கையும். வலி வராமல் எப்படி இருக்கும்? ஆகவே டவுன் பாமசியில் 'வலி மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறோம். டிஸ்பென்சரியில் கொடுப்பதையும் போடுகிறோம். பக்கத்துக் காம்பராவில் மிச்சமிருந்தால் அதையும் வாங்கிப் போடுகிறோம்.

டைக்ளோபெனக், இப்யூபுரோபன், மெபனமிக் அசிட், டிஸ்பிரின் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருளை அவை தடுக்கின்றன. அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் காப்புப் பூச்சையும் வளர்க்கிறது. வலியைத் தடுக்கும்போது பூச்சும் மெலிகிறது. 'ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றுமில்லை' என்று சொல்வது பிழை. மருந்து இரத்தத்தின் வழியாகவும் அதே வேலையைச் செய்கிறது. இன்னொரு ஆபத்து, வலியை அடக்கும் மருந்து புண்ணின் வலியையும் அடக்கிவிடும். எரிச்சல்கூட இல்லாமல் திடீரென்று இரத்தம் கசியத் தொடங்கலாம். வயது 60ஐத் தாண்டியவர்களுக்கும் முன்பு புண் வந்தவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

பெனடோல், அதாவது பரசிட்டமோல், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. வயிற்றை அவ்வாறு அரிக்காது. வளர்ந்தவர்களுக்கு ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 2, நாளொன்றுக்கு 8க்கு மேல் கூடாது. குடிப்பழக்கம் உள்ளவர்களும் ஈரல் நோய் உள்ளவர்களும் டொக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. இருதயத்துக்காக டிஸ்பிரின் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடவும் வேண்டாம். டொக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொன்னால் காப்பு மருந்து சேர்த்துத் தருவார்.

கேஸ்டிக்குக்குக் கொடுக்கும் ஓமெப்ரசோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் இந்த மருந்தைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்னர் எடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். இப்போது யோசியுங்கள். காலைச் சாப்பாடே பத்து மணிக்கு மலையில் என்றால், அந்த மாத்திரையை எப்போது போடுவது? மருந்து கொடுப்பவர் காலைச் சாப்பாடு இருக்கிறது என்று எண்ணிக் கொடுக்கிறார். வேலை நேரம் அந்தச் சாப்பாட்டைப் பறித்துக்கொள்கிறது.

பீலியும் லயமும்

ஹெலிக்கோபெக்டர் கிருமி பெரும்பாலும் சிறுவயதில் தொற்றுகிறது. வாய் வழியாகவும், வாந்தி, மலம் பட்ட தண்ணீர், கை வழியாகவும் பரவுகிறது. ஒரே அறையில் பலர் நெருங்கி வாழும் இடத்தில், நல்ல தண்ணீரும் மலசலகூடமும் குறைந்த இடத்தில், அதற்கு வழி அதிகம். லயத்தில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யாருக்கு இந்தக் கிருமி இருக்கிறது என்று பார்த்ததும் சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். மூச்சைச் சோதிக்கலாம், மலத்தைச் சோதிக்கலாம், கெமராக் குழாய் விட்டும் பார்க்கலாம். இருப்பது உறுதியானால் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிக்கொல்லி மருந்துகளையும் அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்துப் பெரும்பாலும் இரண்டு வாரம் தருவார்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதும், மலசலகூடத்துக்குப் போய்வந்த பின்னும் சமைக்குமுன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவதும் நாம் செய்யக்கூடியவை. பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்தடிக்காமலும் குப்பை கொட்டாமலும் பார்ப்பது, தாங்கியைக் கழுவுவது, குழாய் போடுவது ஆகியவை தோட்டம் செய்ய வேண்டியவை. கொதிக்க வைக்கும் விறகையும் கேஸையும் நம் தலையில் போட்டுவிட்டு, பீலியை அப்படியே விட்டுவிடுவதை 'சுகாதாரக் கல்வி' என்று சொல்ல முடியாது.

மலையில் மலசலகூடம் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் அதனால் வருகின்றன. வலி மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்குகிறார்கள். அப்படி விழுங்கும் சில மாத்திரைகள் உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே புண்ணாக்கிவிடும்.

இரத்தக் குறைவும் வயிறும்

நமது பெண்களுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். மாதக்கணக்கில் போட்டும் ஏறாவிட்டால், வயிற்றையும் கேட்க வேண்டும். புண்ணிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் எத்தனை மாத்திரை போட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். மாதவிடாய்ப் பெருக்கும் கொக்கிப்புழுவும் காரணமாகலாம். எது என்று பார்க்க வேண்டியது சுகாதார சேவையின் வேலை.

நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தேத்தண்ணியைச் சாப்பாட்டோடும் இரும்பு மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்காதீர்கள். தேயிலையிலுள்ள துவர்ப்பு உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். கீரை, பயறு, கடலையோடு தேசிக்காய், நெல்லிக்காய், கொய்யா சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும். உலகத்துக்குத் தேயிலை பறித்துக் கொடுக்கும் நாம், அதே தேயிலையால் நமது இரத்தத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

நமது வீட்டுக்குள்ளும் ஒரு கணக்கு

நிர்வாகத்தை மட்டும் கேட்டால் போதாது. எல்லோருக்கும் கொடுத்து, கடைசியில் சட்டி வழித்துச் சாப்பிடுவது தாய்தான் என்பதை எந்தத் துரையும் சட்டம் போட்டு வைக்கவில்லை. அதை நாமே வைத்திருக்கிறோம். காலையில் ஆண் அடுப்பு மூட்டினால், பிள்ளையை மடுவத்தில் விட்டால், அவள் ஒரு ரொட்டியை வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மலைக்குப் போகலாம். இதற்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

பசியை அடக்க வெற்றிலை போடுவது நமது பழக்கம். பாக்கும் புகையிலையும் பசியை மறக்க வைக்கும், தீர்க்காது. வாய்ப் புற்றுநோயையும் உணவுக்குழாய்ப் புற்றுநோயையும் கொண்டுவரும். சாராயமும் கசிப்பும் இரைப்பைச் சுவரை நேரடியாக அரிக்கும். ஈரல் கெட்டவர் இரத்த வாந்தி எடுப்பது இன்னும் ஆபத்து. சிகரட்டும் பீடியும் ஆறவேண்டிய புண்ணை ஆறவிடாது.

'கேஸ்டிக்தான்' என்று இருந்துவிடக்கூடாத நேரம்

இந்தப் பகுதியை வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்துடன் போனால், அல்லது இரத்தமாகவோ கோப்பித்தூள் போலவோ வாந்தி வந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்பு மாத்திரை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் டொக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

வயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, வயிறு பலகை போல் இறுகினால், புண் ஓட்டையாகியிருக்கலாம். ஒரு மணிநேரம்கூடக் காத்திருக்கக்கூடாது.

காரணமில்லாமல் உடம்பு மெலிந்தால், விழுங்கும்போது சாப்பாடு அடைத்தால், வாந்தி நிற்காவிட்டால், சோகை பிடித்தால், நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாகக் கேஸ்டிக் தொடங்கினால், கெமராச் சோதனை தேவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

நெஞ்சின் நடுவில் அழுத்தும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் அது கேஸ்டிக் என்று சோடாவோ இஞ்சித் தேத்தண்ணியோ குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். மாரடைப்பும் இப்படித்தான் தொடங்கும்.

'முதலில் சம்பளம்' என்பவர்களுக்கு

சில தோழர்கள் சொல்லக்கூடும்: "சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, இதில் வயிற்றெரிச்சலா?" அவர்களுக்கு என் பதில், சாப்பாடும் சம்பளமும் தோட்டத்தில் ஒருநாளும் வேறுவேறாக இருந்ததில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலியோடு சேர்த்துத் தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலையையும் பேசியது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை நமது பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கிய அந்தக் காலத்தில் லயங்களில் பசியால் உயிர்கள் போயின. 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறியபோதும், ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாதபோதும் முதலில் அடிபட்டது நாம்தான். நமது வரலாற்றில் வயிறு எப்போதும் தொழிற்சங்க விஷயமாகவே இருந்திருக்கிறது.

இன்னொன்று. சம்பளம் ஏறினாலும், மாதத்தில் இரண்டு நாள் வயிற்றுவலியால் பேர் போனால், ஒரு நாள் டவுன் டொக்டருக்கும் பாமசிக்கும் போனால், ஏறியது எங்கே? மருந்துக்கும் வராத நாளுக்கும் போகும் பணம் சம்பளக் குறைவுதான்.

தோட்டத் தொழில் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 110ஆம் சமவாயம் 1958இல் வந்தது. வீடு, மருத்துவ வசதி ஆகியவற்றையும் தோட்டத் தொழிலாளியின் வேலை நிபந்தனைகளோடு சேர்த்தே அது பேசுகிறது. இலங்கை அதை ஏற்றுக்கொண்ட நாடு. ஆகவே நாம் கேட்பது தயவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: காலை வேளையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிச்சயமான இடைவேளை. அது கிலோக் கணக்கைப் பாதிக்காதபடி, அந்த நேரத்துக்கு ஏற்பக் கிலோவைக் குறைத்து எழுத வேண்டும். நிறுவை பிந்தினாலும் சாப்பாடு பிந்தக்கூடாது.

இரண்டு: ஒவ்வொரு மலைக்கும் குடிக்கும் தண்ணீர், மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட ஒரு கொட்டில், பெண்களுக்கு மலசலகூடம்.

மூன்று: டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுக்குமுன் வயிற்றைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும். இரண்டு, மூன்று முறை கேஸ்டிக் என்று வந்தவரை அதே மாத்திரையோடு அனுப்பாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும்.

நான்கு: கெமராச் சோதனைக்காகத் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். பேர் போகும் என்ற பயத்தில்தான் பலர் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

ஐந்து: பீலிகளும் தாங்கிகளும் பொதுச் சுகாதார பரிசோதகரால் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டு, முடிவு தோட்டத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.

இதற்கு முதல் வேலை நம்முடையது. தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணித் தலைவிகளும் ஒரு கொப்பி எடுங்கள். உங்கள் பிரிவில் எத்தனை பேர் வெறும் வயிற்றில் மலைக்குப் போகிறார்கள், காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுகிறார்கள், வயிற்றுவலியால் போன மாதம் எத்தனை பேர் போயிற்று என்று நான்கு கேள்விகள் போதும். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். கம்பெனிக்காரர்கள் மேசையில் கிலோவைக் கொண்டுவந்து வைக்கும்போது, நாமும் வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.